ரயிலும் ஆற்றுக் கப்பலும்: பெற்றோருடன் 21 நாள் ஐரோப்பியப் பயணம் குறித்து ஆலோசனை வேண்டும்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வரும் செப்டம்பரில் என் பெற்றோரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு 21 நாள் ஐரோப்பாவில் பயணம் செய்யத் திட்டமிட்டுள்ளேன். அப்பாவுக்கு 69 வயது. முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஆல்ப்ஸ் மலையில் ஓடும் ரயில்களை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். அம்மாவுக்கு 64 வயது. முழங்கால் வலியால் படிகள் ஏறுவதும் நாள்தோறும் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதும் அவருக்குச் சிரமம். அதனால்தான் ஒரு வாரமாவது ஆற்றுக் கப்பலில் தங்கலாம் என்ற எண்ணம் வந்தது.

நான் எழுதி வைத்திருக்கும் வரைவு இது: பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், கொலோன், ரைன் நதியில் கப்பல், ஜூரிச், வெனிஸ், வியன்னா, பிராக், புடாபெஸ்ட். எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கே மூச்சு முட்டுகிறது, ஆனால் எதை விடுவது என்று தெரியவில்லை. ரைன், டான்யூப் ஆகிய இரண்டில் எந்த நதியைத் தேர்ந்தெடுப்பது நல்லது? பல நாடுகளுக்கும் செல்லுபடியாகும் ரயில் பாஸ் வாங்குவது லாபமா, அல்லது தனித்தனியாகப் பயணச்சீட்டு எடுப்பது லாபமா? இத்தனை நாடுகளுக்குச் செல்லும்போது எந்த நாட்டிடம் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும்? சென்று வந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். நானும் கணவரும் ரைனில் ஒருமுறையும் டான்யூபில் இருமுறையும் கப்பலில் சென்றிருக்கிறோம். செப்டம்பரில், முழங்கால் வலி உள்ள ஒருவருடன் செல்வதாக இருந்தால், ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து புடாபெஸ்ட் வரையிலான டான்யூப் பயணத்தையே தேர்ந்தெடுங்கள் என்பேன். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் விளம்பரப் புத்தகங்களில் இது இருக்காது.

ஆற்றுக் கப்பலின் விதியைத் தீர்மானிப்பது நீர்மட்டம். ரைன் நதியில் காவுப் என்ற சிற்றூருக்கு அருகே ஆறு மிகவும் ஆழம் குறைந்தது. அங்குள்ள அளவுகோலைத்தான் கப்பல்காரர்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2018 அக்டோபரில் அந்த அளவுகோல் 25 செ.மீ. வரை இறங்கியது. (கப்பல் வழித்தடத்தின் உண்மையான ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும், ஆனாலும் பெரிய கப்பலுக்கு அது போதாது.) அந்த மாதத்தில்தான் நாங்கள் ரைனில் இருந்தோம். எங்கள் கப்பல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. மூன்று நாட்கள் எங்களைப் பேருந்தில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டிவிட்டு இரவில் கப்பலுக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். எந்த மலையிடுக்கைப் பார்ப்பதற்காகப் பணம் கட்டினோமோ அதை நெடுஞ்சாலையிலிருந்துகூடப் பார்க்க முடியவில்லை. 2022 ஆகஸ்டிலும் ரைனில் கடும் நீர்க்குறைவு ஏற்பட்டது. ஆல்ப்ஸ் பனி உருகும் மே, ஜூன் மாதங்களில் ஆறு பெரும்பாலும் நிறைந்து ஓடும். கோடையின் இறுதியிலும் இலையுதிர்காலத்திலும்தான் இந்த அபாயம் கூடுகிறது.

டான்யூபுக்கும் இந்தத் தொல்லை உண்டு. பவேரியாவில் ஷ்ட்ராவுபிங் என்ற ஊருக்கும் ஃபில்ஸ்ஹோஃபன் என்ற ஊருக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 70 கி.மீ. தூரத்தில் ஆற்றை அணை கட்டித் தேக்கவில்லை. ஆகவே நியூரம்பர்கிலோ ரேகன்ஸ்பர்கிலோ தொடங்கும் கப்பல்கள் அங்கே மாட்டிக்கொள்வதுண்டு. பாசாவ் அந்த இடத்துக்குக் கீழே இருப்பதால், அங்கே கப்பலேறினால் இந்த ஓர் ஆபத்தைத் தவிர்த்துவிடலாம். ஆஸ்திரியாவின் வாஹவ் பள்ளத்தாக்கிலும் வியன்னாவுக்குக் கிழக்கிலும் ஆறு தேக்கமின்றி ஓடுகிறது என்பதால் அபாயம் முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது. வெள்ளமும் வரலாம்: 2024 செப்டம்பரில் போரிஸ் புயல் மழையால் ஆஸ்திரியாவில் டான்யூப் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். நீர்மட்டத்தால் பயணம் மாறினால் நிறுவனம் என்ன ஈடு தரும், உங்கள் பயணக் காப்பீடு எதை ஏற்கும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இந்தப் பயணத்தின் நிறைவு வேறு விதமானது. பாசாவில் டான்யூப், இன், இல்ஸ் என்று மூன்று ஆறுகள் சேருகின்றன. மூன்றும் வெவ்வேறு நிறத்தில் வருவதை மேலே இருக்கும் கோட்டையிலிருந்து தெளிவாகக் காணலாம். அங்கிருந்து புடாபெஸ்ட் ஏறத்தாழ 580 கி.மீ. இடையில் கப்பலை ஏற்றி இறக்கும் மதகுகள் 11 உள்ளன. கப்பல் ஒரு நீண்ட தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவு மூடும்; நீரை வடித்துக் கப்பலைக் கீழ்மட்டத்துக்கு இறக்கிவிட்டு முன்கதவைத் திறப்பார்கள். தொட்டியின் அகலம் பெரும்பாலும் 24 மீட்டர், கப்பலின் அகலம் 11.4 மீட்டர், இரண்டு கப்பல்கள் அருகருகே நிற்கும் அளவே இடம் இருக்கும் தொட்டிக்குள் அத்தனை பெரிய கப்பல் நழுவி உள்ளே போவதை உங்கள் அப்பா மிகவும் ரசிப்பார். ஸ்லோவாகியாவின் கப்சிக்கோவோ மதகுதான் இவற்றில் பிரமாண்டமானது. பெரும்பாலும் அதை இரவில் கடப்பார்கள், விழித்திருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேபின் பற்றி ஒரு வார்த்தை. கீழ்த்தளக் கேபின்கள் விலை குறைவு. ஆனால் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே திறக்க முடியாத சிறு சன்னல் மட்டுமே இருக்கும். அதைவிட முக்கியம், பல கப்பல்களில் மின்தூக்கி கீழ்த்தளத்துக்கும் மொட்டைத் தளத்துக்கும் செல்வதில்லை. அம்மாவுக்காக உணவுக்கூடம் இருக்கும் தளத்திலோ, மின்தூக்கி நிற்கும் தளத்திலோ கேபின் கேளுங்கள். துறைகளில் இடம் போதாமல் இரண்டு மூன்று கப்பல்களை அடுத்தடுத்து அணைத்துக் கட்டுவார்கள். அப்போது கரைக்குச் செல்லப் பிற கப்பல்களின் கூடத்தையும், சில வேளைகளில் அவற்றின் மொட்டைத் தளத்தையும் கடக்க நேரும். சைவ உணவு தேவையென்றால் கப்பலேறிய பிறகு சொல்வதைவிட முன்பதிவின்போதே குறிப்பிடுங்கள். மூன்று வேளை உணவுடன், ஊர்களே உங்களைத் தேடி வருவதுபோன்ற அமைதி, வயதானவர்களுக்கு வேறு எந்தப் பயணத்திலும் கிடைக்காது என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியில் நீர்மட்டம் குறித்துச் சொல்லப்பட்டவை அனைத்தும் சரியே. முடிவில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் உழைத்த ஒருவரை 21 நாட்களில் ஏழு நாள் கப்பலில் அமர்த்திவிட்டு, மீதி நாட்களில் எட்டு நாடுகளை ஓடி ஓடிக் காட்டுவதில் எனக்கு வருத்தம் உண்டு. பாசாவிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம். மேலும், கப்பல்கள் பெரும்பாலும் இரவில் ஓடிப் பகலில் ஊர்களில் நிற்பவை. ஆற்றைப் பார்க்கவென்று சென்றவர்கள் ஆற்றின் அழகான பகுதியைத் தூக்கத்தில் கடந்துவிடுவதும் நடக்கிறது. எந்தக் கப்பலை எடுத்தாலும் வாஹவ் பகுதியைப் பகலில் கடக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஆற்றின் சிறந்த பகுதிகளைப் பகல்நேரப் படகிலேயே பார்க்கலாம் என்பது என் அனுபவம். ரைனில் பிங்கனுக்கும் கோப்லென்ஸுக்கும் இடைப்பட்ட 65 கி.மீ. பள்ளத்தாக்கு 2002 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். மைன்ஸ் நகரைக் கடந்தால் கோப்லென்ஸ் வரை ஆற்றின் குறுக்கே பாலமே இல்லை; கார்களைக்கூட ஃபெரி படகுகள்தான் அக்கரை சேர்க்கின்றன. இரு கரைகளிலும் ரயில் பாதை உண்டு. பொப்பார்ட் போன்ற ஒரு சிற்றூரில் இரண்டு இரவுகள் தங்குங்கள். காலையில் இடக்கரை ரயிலில் பிங்கனுக்குச் சென்றுவிட்டு, பிற்பகல் படகில் நீரோட்டத்தோடு திரும்பி வாருங்கள். ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகும். எதிர்த்திசையில் வந்தால் நேரம் கூடும். 1826-இலிருந்து பயணிகளை ஏற்றிவரும் கேடி நிறுவனத்தின் படகுகள் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓடுகின்றன. திரும்பும்போது வலப்பக்கம் அமர்ந்தால் 132 மீட்டர் உயர லோரலை பாறையை நேரே பார்க்கலாம். ஆற்றின் நடுவில் ஒரு பாறைத்திட்டின் மேல் சுங்கம் வசூலிக்கக் கட்டிய ஃபால்ஸ்கிராஃபன்ஸ்டைன் கோட்டை, கல்லால் கட்டிய கப்பல்போல நிற்கும். இப்பகுதியில் இடிபடாமல் தப்பிய மலைக்கோட்டையான மார்க்ஸ்பர்க் பொப்பார்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. கொலோனிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்குப் பயணச்சீட்டுத் தேடினால், 2002-இல் திறந்த அதிவேகப் பாதையைத்தான் செயலி முதலில் காட்டும். ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிடும். ஆனால் வழியெல்லாம் சுரங்கமும் நெடுஞ்சாலையும்தான், நதியே தெரியாது. "கோப்லென்ஸ் வழியாக" என்று குறிப்பிட்டுத் தேடுங்கள்.

ரயில் பாஸ் குறித்து: ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யுரேல், ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், இரண்டும் 33 நாடுகளில் செல்லும். 60 வயது நிறைந்தவர்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஆனால் பாஸ் இருந்தாலும் பிரான்சின் அதிவேக ரயில்கள், யூரோஸ்டார், இத்தாலியின் அதிவேக ரயில்கள் ஆகியவற்றில் இருக்கை முன்பதிவுக்குத் தனிக் கட்டணம் செலுத்தியே ஆக வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் பெரும்பாலான பகல் ரயில்களில் அந்தக் கட்டாயம் இல்லை. நாள் முன்னரே உறுதியாகிவிட்ட நான்கைந்து நெடும்பயணங்கள் மட்டும் இருந்தால், சில மாதங்களுக்கு முன்பே எடுக்கும் சலுகைச் சீட்டுகள் பெரும்பாலும் பாஸைவிட மலிவாகவே அமையும். சலுகைச் சீட்டில் குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற வேண்டும். மனம்போன நாளில் மனம்போன ஊருக்குச் செல்பவர்களுக்கே பாஸ் பொருந்தும். பெற்றோருடன் செல்லும் உங்களுக்கு அந்தச் சுதந்திரம் அவ்வளவாகப் பயன்படாது. மிச்சமாகும் பணத்தில் நால்வருக்கும் எல்லா ரயிலிலும் இருக்கை முன்பதிவு செய்துவிடுங்கள். முழங்கால் வலியோடு ஒருவர் நடைபாதையில் நிற்க நேரக்கூடாது.

பாரிஸ், வெனிஸ், பிராக் மூன்றையும் தயங்காமல் விட்டுவிடுங்கள். அந்த நாட்களை அப்பாவுக்குக் கொடுங்கள். சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலிருந்து இத்தாலியின் திரானோ வரை செல்லும் ரேத்தியன் ரயில்வேயின் மலைப்பாதையில் ஒரு நாள் அவரை அழைத்துச் சென்றால் வேறு எதுவும் வேண்டாம் என்பார். ஆறு வளைவுகள் கொண்ட, 65 மீட்டர் உயர லாண்ட்வாசர் பாலத்தைக் கடந்து செங்குத்துப் பாறைச் சுவரில் இருக்கும் சுரங்கத்துக்குள் நேராக நுழைகிறது அந்த ரயில். பெர்னினா கணவாயில் 2,253 மீட்டர் உயரத்தை எட்டிவிட்டு, திரானோவில் 429 மீட்டருக்கு இறங்குகிறது. ஆயிரத்துக்கு எழுபது என்ற சரிவில் (ஆயிரம் மீட்டர் தூரத்துக்கு எழுபது மீட்டர் உயரம்) ஏறி இறங்கினாலும் பற்சக்கரம் கிடையாது, சாதாரணத் தண்டவாளம்தான். அந்த எண்ணின் அருமை ரயில்வேக்காரருக்குத்தான் தெரியும். அகலக் கண்ணாடி பதித்த சிறப்பு ரயிலுக்கு முன்பதிவுக் கட்டணம் உண்டு. அதே பாதையில் செல்லும் சாதாரண ரயிலுக்கு அது தேவையில்லை, அதன் சில பெட்டிகளில் சன்னலையும் திறந்துகொள்ளலாம். நான் சாதாரண ரயிலையே பரிந்துரைப்பேன்.

மறுமொழி 3

விசா குறித்து மட்டும் சொல்கிறேன். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல வழிசெய்யும் ஷெங்கன் உடன்பாட்டின் விதிப்படி, அதிக நாட்கள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. கப்பல் இரவுகளும் கணக்கில் சேரும். ஆகையால் கப்பல் எந்த நாளில் எந்த நாட்டில் நிற்கிறது என்ற அட்டவணையை நிறுவனத்திடம் பெற்று விண்ணப்பத்துடன் இணையுங்கள். பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. எனவே தனி விசா தேவையில்லை. கப்பல் புடாபெஸ்டைத் தாண்டி பெல்கிரேடு வரை செல்வதாக இருந்தால் கவனம் தேவை: செர்பியா ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசாவுடன் அங்கே சென்றவர் திரும்ப ஹங்கேரிக்குள் வர இயலாது. பணத்தைப் பொறுத்தவரை சுவிட்சர்லாந்தில் பிராங்கும் ஹங்கேரியில் ஃபோரிண்டும் புழங்குகின்றன. பிராக் செல்வதாக இருந்தால் அங்கே செக் கொருனா. நீங்கள் செல்லும் மற்ற நாடுகளில் யூரோதான்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்து இவற்றை வாசித்துக் காட்டினேன். ஆயிரத்துக்கு எழுபது என்ற சரிவைக் கேட்டதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, பற்சக்கரம் இல்லாமலா என்று இரண்டு முறை கேட்டார். அம்மாவோ, ஏழு நாள் பெட்டியைத் திறந்து வைத்தது வைத்தபடியே இருக்கும் என்பதைக் கேட்டதும் கப்பல்தான் வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே இருவர் சொல்லையும் கேட்டு இப்படி மாற்றியிருக்கிறேன்: ஆம்ஸ்டர்டாமில் 3 இரவு, கொலோனில் 1, பொப்பார்டில் 2, பாசாவில் 1, புடாபெஸ்ட் வரை கப்பலில் 7, புடாபெஸ்டில் 1, இன்ஸ்புருக்கில் 1, கூரில் 3, ஜூரிச்சில் 1. ஆம்ஸ்டர்டாமில் இறங்கி ஜூரிச்சிலிருந்து விமானம் ஏறுவோம். கப்பல் அட்டவணைப்படி எண்ணினால் ஆஸ்திரியாவில்தான் அதிக நாட்கள் வருகின்றன, அங்கேயே விண்ணப்பிக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. கப்பலேறும் நாளன்றே பொப்பார்டிலிருந்து பாசாவுக்கு வந்து அந்த ஓர் இரவை மிச்சப்படுத்தலாமா? புடாபெஸ்டிலிருந்து இன்ஸ்புருக்குக்கு ஏறத்தாழ ஏழு மணி நேரம் ரயிலில் அமர்வது அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா?

மறுமொழி 2

பாசாவில் தங்கும் இரவை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள். ஜெர்மனியில் முக்கியப் பாதைகளை மாதக்கணக்கில் மூடிப் புதுப்பிக்கும் பணி நடந்துவருகிறது. 2024-இல் பிராங்க்ஃபர்ட்டுக்கும் மான்ஹைமுக்கும் இடையிலான பாதையை ஜூலை முதல் டிசம்பர் வரை மூடியிருந்தார்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு உங்கள் தடங்களை மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதமும் திரும்பக் கிடைப்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. ஆனால் அந்தப் பணம் புறப்பட்டுவிட்ட கப்பலைத் திருப்பிக் கொண்டுவராது. பெரிய பெட்டிகளை எடுத்துச் செல்லாதீர்கள். இடைநிலையங்களில் ரயில் ஓரிரு நிமிடங்களே நிற்கும். நால்வர் பெட்டிகளையும் நீங்கள் ஒருவரே இறக்குவதாக எண்ணிப் பாருங்கள்.

இன்ஸ்புருக் ரயிலில் உணவுப் பெட்டி இருக்கும். எழுந்து நடக்க இடமும் இருக்கும். பேருந்தில் மூன்று மணி நேரம் அமர்வதைவிட அது எளிது. மறுநாள் கூர் செல்ல ஜூரிச் வரை போக வேண்டாம். ஆர்ல்பர்க் மலைப்பாதை வழியே சென்று சார்கான்ஸ் நிலையத்தில் மாறுங்கள். 1884-இல் திறந்த பாதை அது, பத்து கி.மீ.க்கு மேல் நீளமுள்ள அதன் சுரங்கத்தைப் பற்றி அப்பாவிடம் முன்னரே சொல்லி வையுங்கள். எல்லையில் பூக்ஸ் நிலையத்தில் ரயிலின் திசை மாறும். தவறான வழியில் செல்வதாக அஞ்ச வேண்டாம். கூரிலிருந்து ஜூரிச் திரும்பும்போது வலப்பக்க சன்னலோரம் முன்பதிவு செய்யுங்கள். வாலன் ஏரியும் ஜூரிச் ஏரியும் அந்தப் பக்கம்தான் வரும்.

மறுமொழி 1

அம்மாவின் முடிவைப் படித்து மகிழ்ந்தேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். வியன்னாவில் கப்பல்கள் நிற்பது பழைய நகரத்தின் நடுவில் அன்று. டான்யூபின் பெரிய கிளை நகர மையத்திலிருந்து விலகி ஓடுகிறது. ரைக்ஸ்புருக்கே துறையில் நின்றால் யு1 மெட்ரோ அருகிலேயே இருக்கிறது. நுஸ்டோர்ஃப் துறையில் நின்றால் டி டிராம் பிடிக்க வேண்டும். எந்தத் துறை என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்தால், நிறுவனம் காட்டும் சுற்றுலாவுக்குத் தனியாகப் பணம் கட்டாமல் நீங்களே மெதுவாக அழைத்துச் செல்லலாம். மெல்க் மடாலயத்துக்கு மட்டும் அவர்களுடைய பேருந்திலேயே செல்லுங்கள். அது குன்றின் மேல் இருக்கிறது. மடாலயம் முடிந்து கப்பல் புறப்பட்டதும் அம்மாவை மொட்டைத் தளத்துக்கு அழைத்து வாருங்கள். மெல்கிலிருந்து கிரெம்ஸ் வரை ஏறத்தாழ 36 கி.மீ., ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அடுக்கடுக்கான திராட்சைத் தோட்டங்களைக் கடந்ததும் இடப்பக்கம் டூர்ன்ஸ்டைனின் நீல நிறக் கோபுரம் தெரியும். அதற்கு மேலே குன்றில் இருக்கும் இடிந்த கோட்டையில்தான் இங்கிலாந்து அரசர் ரிச்சர்டை 1192-இல் சிறை வைத்தார்கள். காற்று குளிரும், ஒரு சால்வையை மறக்காமல் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.